பெப்பர் ஸ்ப்ரே: எந்த வம்பில் காப்பாற்றும், எந்த வம்பில் மாட்டிவிடும்

ஆன்லைனில் ரூ.200 முதல் ரூ.500 வரை கிடைக்கும் பெப்பர் ஸ்ப்ரே குப்பிகளுக்கு வாங்கியவர்கள் எழுதும் கருத்துகளைப் படித்தால், பேக்கிங் நன்றாக இருந்தது, சீக்கிரம் வந்துசேர்ந்தது, வீட்டுக்குள் அடித்துப் பார்த்து இருமித் தீர்த்தோம் என்பதோடு முடிந்துவிடும். தெருவில் எந்த ஆளைப் பார்த்து இதை எடுக்க வேண்டும், எவன் முன்னால் எடுக்கவே கூடாது என்று யாரும் எழுதுவதில்லை. ஒரே குப்பி ஓர் இடத்தில் உயிரைக் காக்கும், இன்னோர் இடத்தில் நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு வந்து அடிக்க வைக்கும். ஆகவே இந்த விமர்சனத்தில் பாதி குப்பியைப் பற்றி, மீதி தெருவைப் பற்றி.

முதலில் குப்பி. உள்ளே இருப்பது மிளகாயிலிருந்து எடுக்கும் ஒலியோரெசின் கேப்சிகம் (சுருக்கமாக ஓசி) என்ற எண்ணெய்ப் பிசின். கண்ணில் பட்டால் இமை தானாக மூடிக்கொள்ளும், மூக்கும் தொண்டையும் வீங்கி இருமல் வரும், தோல் எரியும். பெரும்பாலானவர்களுக்கு இந்த அவதி அரை மணி முதல் முக்கால் மணி வரை கடுமையாக இருந்து பிறகு குறையும். பெட்டியில் பெரிதாக அச்சடிக்கும் "20 லட்சம் ஸ்கோவில்" (ஸ்கோவில் என்பது காரத்தை அளக்கும் அலகு) போன்ற எண்ணை நம்பி வாங்காதீர்கள். அது கலப்பதற்கு முன்பிருந்த பிசினின் காரம். அந்தப் பிசினை எவ்வளவு நீர்த்திருக்கிறார்கள் என்று அந்த எண் சொல்லாது. "10% ஓசி" என்பதும் அதே கதை, பிசின் எவ்வளவு என்று சொல்லுமே தவிர அந்தப் பிசினில் காரம் எவ்வளவு என்று சொல்லாது. பார்க்க வேண்டியது முக்கிய கேப்சைசினாய்டு (மேஜர் கேப்சைசினாய்ட்ஸ்) சதவீதம், அதாவது காரத்தைத் தரும் பொருளின் அளவு. வெளிநாட்டுத் தயாரிப்பான சேபர் 1.33% என்று அதைக் குப்பியிலேயே அச்சடிக்கிறது. நம் ஊரில் விற்கும் மலிவுக் குப்பிகள் பலவற்றில் அந்த எண்ணே இருக்காது. இருக்கிற குப்பிக்கு ஐம்பது நூறு கூடுதலாகக் கொடுக்கலாம்.

சில பெட்டிகளில் கிராம் ஒன்றும் மில்லி ஒன்றும் போட்டிருக்கும். 35 கிராம் என்பது உள்ளே இருக்கும் சரக்கு, 55 மில்லி என்பது குப்பியின் கொள்ளளவு. ஒப்பிடும்போது கிராமைப் பாருங்கள். 15 கிராமுக்குக் கீழே உள்ள லிப்ஸ்டிக் வடிவக் குப்பிகள் பார்க்க அழகு, ஆனால் வேகமும் தூரமும் போதாது. கையில் பிடித்தால் நழுவவும் செய்யும்.

அடுத்தது பீச்சும் விதம். நேர்கோடாகப் பீச்சுவது சுமார் 8 முதல் 12 அடி போகும். காற்றில் அவ்வளவாகச் சிதறாது, ஆனால் குறி தப்பினால் பயனில்லை. புகைபோல் விரிவது 6 முதல் 10 அடி, குறி பார்க்கத் தேவையில்லை, மூச்சுக்குழலையும் பிடிக்கும், காற்று எதிராக இருந்தால் அடித்தவருக்கே திரும்பும். ஜெல் வகை இன்னும் தள்ளிப் போகும், காற்றில் பரவாது, விலை கூடுதல், வேலை செய்யக் கொஞ்சம் நேரம் எடுக்கும். நகரத்தில் கடைவீதி, பஸ் நிறுத்தம் என்று நடமாடுகிறவருக்கு நேர்கோடோ ஜெல்லோதான் சரி. கடற்கரை ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை: சென்னையில் கோடைக்காலப் பிற்பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்து எழும். மெரினா, பெசன்ட் நகர்ப் பக்கம் மாலையில் புகை வகையைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்து நின்றால் முழுவதும் உங்கள் முகத்துக்குத்தான்.

மூடியின் பூட்டு மூன்று மாதிரி வரும்: கட்டைவிரலை உள்ளே நுழைத்துத் தூக்கும் மூடி, திருகும் பூட்டு, பூட்டே இல்லாத வெறும் அழுத்து பொத்தான். கடைசி வகை பையிலேயே பீச்சிவிடும், வேண்டவே வேண்டாம். திருகு வகையில் கை வியர்த்தால் எந்தப் பக்கம் திறக்கும் என்று தடுமாறும். தூக்கும் மூடிதான் நல்லது. பிடிக்கும்போது பொத்தானை ஆள்காட்டி விரலால் அழுத்துவது பழக்கமாக வரும், அது தப்பு. நான்கு விரலாலும் முட்டியாகப் பற்றிக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். அப்படிப் பிடித்தால் யாராவது கையைத் தட்டினாலும் குப்பி விழாது. துவாரம் எந்தப் பக்கம் என்று இருட்டில் தெரிய, பின்பக்கத்தில் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டிவையுங்கள், விரலுக்குத் தட்டுப்படும்.

வாங்கியதும் திறந்த வெளியில், காற்று முதுகில் படும்படி நின்று அரை நொடி அடித்துப் பாருங்கள். மொட்டை மாடி சரிவரும், பக்கத்து வீட்டில் துணியும் வடாமும் காயாத நேரமாகப் பாருங்கள். எவ்வளவு தூரம் போகிறது, கோடா புகையா என்று அப்போதுதான் தெரியும். பிறகு துவாரத்தைத் துணியால் துடைத்துவிட்டு, சமையலறைத் தராசில் குப்பியை எடை போட்டு அதன் மேலேயே மார்க்கரால் எழுதிவையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடை பார்த்தால் போதும். குறைந்திருந்தால் கசிகிறது. பிசின் கெடுவதைவிட, தள்ளும் வாயு கசிந்து பலமிழப்பதுதான் இந்தக் குப்பிகளின் பெரிய நோய். குப்பியைக் குலுக்கினால் சரக்கு இருப்பதுபோலச் சத்தம் கேட்கும், அழுத்தினால் சொட்டுச் சொட்டாக வடியும். ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியிலும் கார் டாஷ்போர்டிலும் வைப்பவர்களுக்கு இது சீக்கிரம் வரும். 50 டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்று குப்பியிலேயே எழுதியிருக்கும், மே மாத வெயிலில் நிறுத்திய கார் அதைத் தாண்டிவிடும். வண்டிச் சாவிக் கொத்தில் மாட்டுவதற்கென்று ஒரு வகை வருகிறது. வண்டி ஓடும்போது குப்பி இஞ்சின் சாவியோடு தொங்கிக்கொண்டிருக்கும், கைக்கு வராது. பைக்குள் அடியில் போட்டாலும் அதே நிலைமை. 21 அடி தூரத்தை ஓடிக் கடக்க ஒருவருக்கு ஒன்றரை நொடி போதும் என்பது போலீஸ் பயிற்சிகளில் பழைய கணக்கு. கைப்பையின் ஜிப்பைத் திறந்து சீப்பையும் சார்ஜரையும் தள்ளிவிட்டு எடுக்க அதைவிட அதிக நேரமாகும். சந்தேகமான சந்துக்குள் நுழையும் முன்பே குப்பி கையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இல்லாததாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

தெருவுக்கு வருவோம்.

தெருவில் நடக்கும் அடிதடியைப் பார்க்கிறவர்கள் எல்லாவற்றையும் ஒன்றாகவே பார்க்கிறார்கள். அடிப்பவனுக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் வகை பிரிந்துவிடும். ஒருவனுக்கு நாலு பேர் முன்னால் கெத்து வேண்டும். ஒருவனுக்கு உங்கள் செயினோ போனோ வேண்டும். ஒருவனுக்கு நீங்களே வேண்டும், அவன் வேட்டைக்காரன். ஒரு கும்பலுக்கு உங்களுக்குப் பாடம் புகட்ட வேண்டும். கெத்துக்காரனை அடக்கும் உத்தியை வேட்டைக்காரனிடம் காட்டினால் அவன் இன்னும் நெருங்குவான், வேட்டைக்காரனுக்கான உத்தியைக் கெத்துக்காரனிடம் காட்டினால் சும்மா போக வேண்டியது ரத்தத்தில் முடியும்.

டாஸ்மாக் வாசல், சிக்னல், பார்க்கிங், சினிமா வரிசை ஆகிய இடங்களில் நடப்பது முக்கால்வாசி முதல் வகை, வீம்புச் சண்டை. அடையாளம் எளிது. "என்னடா மொறைக்கிற", "யார்ரா நீ", "எறங்கி வாடா" என்று கேள்வியாகத்தான் தொடங்கும். பதில் அவனுக்கு வேண்டாம், நீங்கள் பேச்சைத் தொடர வேண்டும், அவ்வளவுதான். குரல் உயரும், லுங்கி மடித்துக் கட்டப்படும், சட்டைக் கை சுருட்டப்படும், நெஞ்சில் ஒரு விரலோ தோளில் ஒரு தள்ளோ வரும். நடுவில் ஒரு கண் அவன் கூட்டாளிகள் பக்கம் போய் வரும். அந்தப் பார்வைதான் முக்கியம், நாடகம் யாருக்காக நடக்கிறது என்று அது காட்டிக்கொடுக்கும். இங்கே செய்ய வேண்டியது தோற்றுவிடுவது. "சரிண்ணே, தப்பு என்னோடதுதான், கவனிக்கல" என்று சொல்லி, உள்ளங்கை இரண்டும் தெரிய நெஞ்சு உயரத்தில் வைத்து, பக்கவாட்டில் நகர்ந்து போய்விட வேண்டும். முறைக்கவும் கூடாது, தரையைப் பார்த்துக் குனியவும் கூடாது, பார்வை அவன் மார்பு அளவில் இருக்கட்டும். சட்டம் பேசக் கூடாது, "குடிச்சிருக்கீங்க" என்று சொல்லவே கூடாது. அவன் திரும்பிப் போக ஒரு வழி வைக்க வேண்டும். அவனைச் சுவரோரமாக வைத்து நீங்கள் வாசலை மறித்து நின்றால், விட்டுவிட நினைத்தாலும் அவனால் முடியாது.

இந்த இடத்தில் ஸ்ப்ரேயை எடுப்பதுதான் ஆண்கள் அதிகம் செய்யும் கோளாறு. ஸ்ப்ரே அடித்த மறு நொடி, அதுவரை வேடிக்கை பார்த்த கூட்டாளிகளுக்கு அது தங்கள் நண்பன் மேல் விழுந்த அடி. சட்டப்படியும் கால் ஊன்ற இடம் இருக்காது. விலகிப் போக வழி இருந்ததா, முதலில் கை நீட்டியது யார் என்று கேட்டால் கேமரா பதிவு உங்களுக்கு எதிராகப் பேசும். வீம்புச் சண்டைக்கு இந்தக் குப்பிக்கு மதிப்பெண் பூஜ்யம்.

செயின் பறிப்புக்கும் ஏறத்தாழ பூஜ்யம்தான், காரணம் வேறு. இரண்டு பேர் ஒரு பைக்கில் வருவார்கள், பெரும்பாலும் பின்னாலிருந்து, இல்லையென்றால் முகவரி கேட்கிற சாக்கில். பின்னால் உட்கார்ந்தவன் இழுப்பான், மூன்று நொடியில் தெரு முனையில் இருப்பார்கள். முகத்தில் ஹெல்மெட் கண்ணாடி இருக்கும், ஸ்ப்ரே அதன் மேல் வழியும். இந்தக் குற்றத்தில் உயிர்ச்சேதம் நகை போவதால் வருவதில்லை, விழுவதால் வருகிறது. ஸ்கூட்டரில் போகும்போது பிடித்து இழுத்தால் பிடியை விட்டுவிடுவது தவிர வழியில்லை. தாலிச் செயினை விட மனம் வராது என்பது உண்மைதான். அதனால்தான் தனியாகப் பயணம் போகும்போது தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொண்டு செயினை வீட்டில் வைக்கும் வழக்கம் பல குடும்பங்களில் இருக்கிறது, அதற்கு எந்தக் குப்பியும் ஈடில்லை. நடக்கும்போது சாலையின் வலப்பக்கம், வாகனம் எதிரே வருமாறு நடங்கள். பை சுவர்ப் பக்கத் தோளில் இருக்கட்டும். புடவைத் தலைப்பையோ துப்பட்டாவையோ கழுத்தைச் சுற்றி ஊக்கு குத்திவிடுங்கள். பைக் நின்று யாராவது வழி கேட்டால் இரண்டு கை நீளத்துக்கு அப்பால் நின்றே பதில் சொல்லலாம், மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பறிப்பு என்பது 304-ஆம் பிரிவில் தனிக் குற்றமாகவே வந்துவிட்டது, மூன்று ஆண்டு வரை சிறை.

கத்தியைக் காட்டிப் பறிப்பதும் இதே இனம். அவனுக்குப் பொருள் வேண்டும், நேரம் அவனுக்கும் குறைவு. போனையும் பர்ஸையும் அவன் கையில் கொடுக்காமல் ஒரு பக்கமாகத் தரையில் போட்டுவிட்டு எதிர்ப்பக்கம் நகர்ந்தால் அவன் கவனம் பிரியும். கத்தி கழுத்துக்கு ஒரு முழ தூரத்தில் இருக்கும்போது ஸ்ப்ரே எடுப்பது தற்கொலை. காரம் வேலை செய்ய இரண்டு மூன்று நொடி ஆகும், அதற்குள் கண்ணை மூடிக்கொண்டே குத்துவான். பிறகு மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் ஐஎம்இஐ எண்ணை (போனின் தனி அடையாள எண்) கொடுத்துப் போனை முடக்கலாம். நட்சத்திரம், ஹேஷ், 06, ஹேஷ் என்று அழுத்தி அந்த எண்ணை இன்றே எழுதிவைத்துக்கொண்டால்தான் அது நடக்கும்.

பொருளைக் கொடுத்த பிறகும் "வண்டியில ஏறு", "அந்தப் பக்கம் வா" என்று சொன்னால் வகை மாறிவிட்டது. அவனுக்கு வேண்டியது பொருள் இல்லை. இங்கிருந்து வேட்டை.

குப்பி தன் விலைக்கு வேலை செய்யும் இடம் இதுதான். வேட்டைக்காரன் கத்த மாட்டான், கெத்து காட்ட மாட்டான், பார்வையாளர் இருந்தால் வரவே மாட்டான். நீங்கள் நடையைக் குறைத்தால் அவனும் குறைப்பான். சாலையைக் கடந்தால் கொஞ்சம் கழித்து அவனும் கடப்பான். ஒரு கை தெரியாது, பாக்கெட்டிலோ முதுகுப் பக்கமோ இருக்கும். பக்கத்தில் வருமுன் சுற்றும் முற்றும் ஒருமுறை பார்ப்பான். நெருங்க ஒரு சாக்கு வைத்திருப்பான்: மணி என்ன, இந்த முகவரி எங்கே, போன் ஒரு நிமிஷம் கிடைக்குமா. "தெரியாது" என்று சொன்ன பிறகும் பேச்சைத் தொடர்ந்துகொண்டே ஓர் அடி முன்னால் வந்தால், அந்த ஓர் அடிதான் உங்களுக்குக் கிடைக்கும் எச்சரிக்கை. ஆட்டோ, கால் டாக்ஸியில் இதற்கு ஈடானது, சொல்லாமல் வழி மாற்றுவதும் இடையில் இன்னோர் ஆளை ஏற்றுவதும்.

செய்யும் வரிசை இப்படி. முதலில் திசையை மாற்றி வெளிச்சம், கடை, ஆள் இருக்கும் பக்கம் போவது. தொடர்கிறான் என்று உறுதியானால் திரும்பி நின்று, இடக்கை முன்னால் நீட்டி, ஸ்ப்ரே வலக்கையில் நெஞ்சருகே, வயிற்றிலிருந்து குரல் எடுத்து "அங்கேயே நில்லு! கிட்ட வராத!" என்பது. இது மிரட்டல் மட்டுமில்லை, கேட்கிறவர்கள் பிறகு சாட்சி சொல்ல உதவும். பெரும்பாலும் இங்கேயே கலைந்துவிடும், ஏனென்றால் வேட்டைக்காரனுக்குச் சுலபமான இரைதான் வேண்டும். மீறி வந்தால் 6 முதல் 8 அடியில் ஒரு காதிலிருந்து மறு காது வரை கண் வழியாகக் கோடு இழுப்பதுபோல் ஒரு நொடி அடிப்பது. அடித்த கையோடு பக்கவாட்டில் இரண்டு மூன்று எட்டு. இதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். கண் தெரியாதவனும் கடைசியாக உங்களைப் பார்த்த இடத்தை நோக்கிப் பாய்வான், நீங்கள் அங்கே இருக்கக் கூடாது. நிற்கவில்லையென்றால் இன்னொரு முறை, பிறகு ஓட்டம். விழுந்தானா என்று நின்று பார்ப்பது, போனில் படம் எடுப்பது எல்லாம் வேண்டாம். மூன்றடிக்குள் கண்ணில் நேராகப் பீச்சினால் பீச்சும் வேகமே கண்ணைக் காயப்படுத்தும், அவன் கைக்கு உங்கள் குப்பியும் எட்டும். போதையில் இருப்பவர்களில் சிலருக்கு வலி உறைக்காது, கண் மட்டும் மூடும். அதற்கும் தயாராக இருங்கள்.

இதைச் செய்து பார்க்காமல் வராது. ஆன்லைனில் பயிற்சிக் குப்பி கிடைக்காவிட்டால் அதே அளவு தண்ணீர் ஸ்ப்ரே பாட்டில் போதும். எடு, மூடி, குரல், அடி, நகர்: வாரம் பத்துத் தரம். ஒரு நாள் பட்டறைகளில் மணிக்கட்டுத் திருகலும் முழங்கால் உதையும் சொல்லித் தருகிறார்கள், குரல் எடுக்கச் சொல்லித் தருவது குறைவு. கத்திப் பழகாதவருக்கு அந்த நேரத்தில் தொண்டை திறக்காது.

ஓடும் ஆட்டோவில், காரில், பஸ்ஸில் இந்தக் குப்பியைத் திறக்கவே கூடாது. மூடிய இடத்தில் எல்லாருக்கும் சமமாகக் கண் போகும், ஓட்டுநர் கண் போனால் வண்டி போகும். நெரிசல் பஸ்ஸில் உரசுகிறவனுக்கு நம் ஊர்ப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக வைத்திருக்கும் கருவி ஊக்கு. விலை சில்லறைக் காசு, குறி தப்பாது, பக்கத்தில் நிற்பவருக்குச் சேதமில்லை, பாட்டரி வேண்டாம். இந்த ஒரு வேலைக்கு ஊக்குக்கு ஐந்து நட்சத்திரம். கூடவே குரலும் வேண்டும். பொதுவாகக் கத்தினால் பஸ் முழுவதும் ஜன்னலைப் பார்க்கும். "நீலச் சட்டை, கைய எடு" என்று அவனையும், "கண்டக்டர் அண்ணா, விசில் அடிச்சு வண்டிய நிறுத்துங்க" என்று உதவ வேண்டியவரையும் தனித்தனியாகச் சுட்ட வேண்டும்.

கும்பல் அடி தனி வகை. விபத்து நடந்த இடத்தில் ஓட்டுநரை அடிப்பது, வெளியூர் ஆளைப் பிள்ளை பிடிப்பவன் என்று அடிப்பது. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததற்காக வாட்ஸ்அப் வதந்தியை நம்பிய கூட்டம் ஒரு மூதாட்டியை அடித்தே கொன்றது. இந்தக் கூட்டத்தின் முன் ஸ்ப்ரே எடுத்தால் அவர்கள் சந்தேகம் உறுதியாகிவிடும். காரில் இருந்தால் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நேராகக் காவல் நிலையத்துக்குப் போங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவு, விபத்தில் அடிபட்டவருக்கு உதவ வேண்டிய கடமையைச் சொல்லும்போதே, கூட்டத்தின் ஆவேசத்தால் முடியாமல் போனால் என்று விலக்கும் தருகிறது. ஆனால் 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்தில் தெரிவித்தாக வேண்டும். காலில் நிற்கும்போது மாட்டிக்கொண்டால் சுவரை முதுகுக்கு வைத்து, தலையைக் கைகளால் மூடி, எப்பாடுபட்டாவது விழாமல் இருந்து, கூட்டத்தில் வயதான ஒருவரைப் பார்த்து "ஐயா, போலீசக் கூப்பிடுங்க, நானே வர்றேன்" என்று அவரிடம் மட்டும் பேசுங்கள். கூட்டத்துக்குக் காது கிடையாது, தனி ஆளுக்கு உண்டு.

தெரிந்தவன் பின்தொடர்வதற்கும் குப்பி கடைசிக் கட்ட மருந்துதான். 2016 ஜூனில் நுங்கம்பாக்கத்திலும் 2022 அக்டோபரில் பரங்கிமலையிலும் ரயில் நிலைய நடைமேடையில், ஆட்கள் இருக்கும்போதே இளம்பெண்கள் கொல்லப்பட்டார்கள். கூட்டம் இருந்தால் பயமில்லை என்ற கணக்கு இந்த வகைக்குப் பொருந்தாது. ஒவ்வொரு முறை வழிமறித்ததையும் தேதி, இடம், நேரத்தோடு எழுதிவைத்து, மெசேஜை அழிக்காமல், நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவில் பின்தொடர்தல் என்று எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குவதுதான் இங்கே முதல் கருவி. "பேசி அனுப்பிட்டோம்" என்பதோடு நிற்க விடாதீர்கள்.

ஸ்ப்ரேயோடு ஒப்பிட்டு வாங்கும் மற்றவை. பின்னை இழுத்தால் அலறும் கைச் சங்கு: பெட்டியில் 130, 140 டெசிபல் என்பார்கள், எவ்வளவு தூரத்தில் அளந்தது என்று இருக்காது. ஒரு மீட்டரில் 120 என்றே வைத்துக்கொண்டாலும் பத்து மீட்டரில் 100, நூறு மீட்டரில் 80, அதாவது பிரதான சாலை இரைச்சலோடு கலந்துவிடும். அடுக்குமாடி, விடுதி, அமைதியான தெருவுக்கு நல்லது. யாருக்கும் காயம் இல்லை என்பதால் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஸ்ப்ரேயைவிட இதுதான் சரி. உள்ளே குண்டு இல்லாத பிளாஸ்டிக் விசில் இன்னும் மலிவு, பாட்டரி தீராது. ஷாக் அடிக்கும் டார்ச் வேண்டாம். உடம்பில் ஒட்டிவைத்துச் சில நொடி அழுத்த வேண்டும், அவ்வளவு நெருக்கத்தில் பலசாலி பிடுங்கிவிடுவான், லட்சக்கணக்கான வோல்ட் என்பது வெறும் விளம்பரம். மிளகாய்ப் பொடிப் பொட்டலம் வைத்துக்கொள்ளச் சொல்லும் பெரியவர்கள் உண்டு. பிரிக்க இரண்டு கையும் வேண்டும், காற்றில் பாதி திரும்பும். அதைக் கரைத்துப் பாட்டிலில் ஊற்றினால் துவாரம் அடைத்துக்கொள்ளும். போனில் பவர் பட்டனை அடுத்தடுத்து மூன்று அல்லது ஐந்து முறை தட்டினால் அவசர உதவி எண்ணான 112-க்குப் போகும் வசதியை அமைப்புகளில் இன்றே சரிபாருங்கள். எத்தனை முறை என்பது போனுக்குப் போன் மாறும். தமிழ்நாட்டில் காவல் உதவி செயலியின் சிவப்புப் பொத்தானும் அதே வேலைக்குத்தான், இருப்பிட அனுமதியை எப்போதும் என்று கொடுத்திருந்தால் மட்டும் பயன்.

சட்டம். பெப்பர் ஸ்ப்ரே வாங்க உரிமம் தேவையில்லை. பயன்படுத்தியதற்குக் கணக்குச் சொல்ல வேண்டி வரும். தற்காப்பு உரிமை நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகளில் இருக்கிறது. நியாயமான அச்சம் எழுந்த நொடியிலேயே, அடி விழும்வரை காத்திருக்காமலே, உரிமை தொடங்கிவிடும் என்கிறது 40. தேவைக்கு மேல் காயம் செய்யக் கூடாது என்கிறது 37. கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டவன் மேல் கோபத்தில் இன்னொரு தரம் அடித்தால் தற்காப்பு அங்கே முடிந்துவிட்டது. 2024-இல் கர்நாடக உயர் நீதிமன்றம், உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாத தகராறில் ஸ்ப்ரே அடித்த வழக்கை ரத்து செய்ய மறுத்து, அதை அபாயகரமான ஆயுதம் என்றே குறிப்பிட்டது. அடித்த பிறகு 112-க்கு முதலில் பேசுவது நீங்களாக இருக்கட்டும். எங்கே, எத்தனை பேர், ஸ்ப்ரே அடித்தேன், ஏன் அடித்தேன் என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டுக் குப்பியைத் துடைக்காமல் பையில் போட்டு வையுங்கள்.

உங்கள் மேலேயே பட்டுவிட்டால் கண்ணைத் தேய்க்காதீர்கள். ஓடும் தண்ணீரில் பத்துப் பதினைந்து நிமிடம் இமைத்துக்கொண்டே கழுவுங்கள், கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் கையைச் சோப்பு போட்டுக் கழுவிய பிறகு கழற்றி எறிந்துவிடுங்கள். தோலுக்குப் பாத்திரம் கழுவும் திரவமோ குழந்தை ஷாம்புவோ. சமையலறையில் மிளகாய் எரிச்சலுக்கு எண்ணெய் தடவும் பழக்கத்தில் முகத்தில் எண்ணெயோ கிரீமோ பூசினால் பிசின் அங்கேயே தங்கும். பால் ஊற்றுவதால் தண்ணீரைவிடத் தனிப் பலன் இல்லை. ஆஸ்துமாக்காரர் யாருக்காவது, அடித்தவனுக்கே ஆனாலும், மூச்சு வாங்கினால் 108.

விமானத்தில் கைப்பையிலும் கூடாது, ஒப்படைக்கும் பெட்டியிலும் கூடாது. சிங்கப்பூரிலும் பிரிட்டனிலும் வைத்திருப்பதே குற்றம், அங்கே படிக்கப் போகும் பிள்ளையின் பெட்டியில் அன்பாக ஒன்றைப் போட்டு அனுப்பிவிடாதீர்கள். அங்கே கைச் சங்குதான். காலாவதி பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு ஆண்டு. தேதி முடிந்த குப்பியை மொட்டை மாடியில் பயிற்சிக்குக் காலி செய்யுங்கள். ஆணி அடித்து ஓட்டை போடவோ குப்பையோடு சேர்த்துக் கொளுத்தவோ வேண்டாம், வெடிக்கும்.